பின்னேர வெயிலில் சார்ஜ் ஏறும் கார்

2022 மார்ச் 31. இலங்கை முழுக்க 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்திருந்த நாள். மத்தியானம் ஒரு மணி இருக்கும். யாழ்ப்பாணத்தில் கோப்பாயில் எங்கள் வீட்டுக் கூரையில் 15 சோலர் பனல்கள் கொதிக்கிற வெயிலில் கிடக்கின்றன. பனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்ற கீழே சுவரில் இருக்கும் இன்வேட்டரின் திரையில் ஒன்றுமில்லை. அம்மா ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே வந்து இன்வேட்டரைப் பார்த்தார், பிறகு முற்றத்து வெயிலைப் பார்த்தார். "வெயில் இருக்குத்தானே பிள்ளை, பிறகேன் ஃபான் சுத்தேல்லை?" என்று கேட்டார்.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். காரணம் எனக்குத் தெரியும். 2018இல் நாங்கள் போட்ட 5 கிலோவாற் தொகுதி மின்சார சபையின் லைனோடு சேர்ந்து ஓடுவது. லைனில் வரும் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் அலையைப் பார்த்துத்தான் அந்த இன்வேட்டர் வேலை செய்யும். லைன் நின்றால் ஓரிரு நொடியில் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ட்ரான்ஸ்போமரை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறி வேலை செய்கிற பிள்ளைக்கு எங்கள் கூரையிலிருந்து கறண்ட் போய்விடக் கூடாது. ஆனால் நாலு வருடமாகக் கூரையில் பனல் வைத்திருந்தும் மின்வெட்டில் நாங்களும் அயலவர்களும் ஒரே இருட்டில்தான் இருந்தோம்.

அந்த நாட்களில் என்னிடம் இருந்தது சின்னப் பெற்றோல் கார். பாடசாலை பருத்தித்துறைப் பக்கம். கோப்பாயிலிருந்து நீர்வேலி, புத்தூர், வல்லை வெளி, நெல்லியடி என்று போய் வர 50 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். ஜூன் கடைசியில் ஒக்ரேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். ஐந்து நாள் பாடசாலைக்கு அது சரியாகக் காணும், அதற்கு மேல் ஒரு துளி இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன கிழமைகளில் வெள்ளிக்கிழமை பஸ்தான்.

எங்கள் ஊர்ச் சனத்துக்கு இது புதிதில்லை. தொண்ணூறுகளின் முதற் பாதியில் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை. நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் வருகிற கறண்டில் அப்பா பிபிசி தமிழோசை கேட்பார். சக்கரத்தைச் சுற்றுகிற வேலை என்னுடையது. அந்தச் சக்கரம் எனக்கு இன்னமும் கையில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். எரிபொருள் ஒருவர் தந்தால்தான் உண்டு என்ற நிலை எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

2022 முடியும் முன் பெற்றோல் காரை விற்று, 2014ஆம் ஆண்டு நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றைக் கொழும்பில் வாங்கினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள், ஆகையால் நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்ததில்தான் தேட வேண்டும். புதிதாக இருந்தபோது 24 கிலோவாற் மணி பற்றரி. பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மீற்றரில் காட்டும் கோடுகள் 12 இருக்க வேண்டிய இடத்தில் எங்களுடையதில் 9 கோடு. அதாவது மூன்றில் இரண்டு பங்கும் கொஞ்சமும்தான் மிச்சம். முழுச் சார்ஜில் நூறு கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து அதை ஓட்டி வர வழியில்லை, லொறியில்தான் ஏற்றி வந்தோம். என் பயணம் ஐம்பது என்பதால் நூறு எனக்குத் தாராளம். பழைய மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்கள் வர்ணத்தையும் டயரையும் பார்க்க முன்னம் அந்தக் கோடுகளை எண்ணுங்கள். முடிந்தால் லீஃப் ஸ்பை என்ற செயலியையும் ஒரு சின்னப் புளூடூத் கருவியையும் கொண்டுபோய்ப் பற்றரியின் உண்மை நிலையைப் பாருங்கள். கோடு முழு எண்ணாகத்தான் காட்டும். செயலி சதவீதமாகக் காட்டும்.

வந்த முதற் கிழமை வயரைச் சொருகினால் சார்ஜ் ஏறவில்லை. நீல விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அணைந்துவிடும். காரின் திரை முழுக்க யப்பான் எழுத்து. இரண்டு நாள் வயரைச் சந்தேகித்தோம், பிளக்கைச் சந்தேகித்தோம். கடைசியில் பார்த்தால், யப்பானில் முதல் சொந்தக்காரர் இரவு மலிவு மின்சாரத்துக்காக வைத்திருந்த நேரக்கட்டுப்பாடு அப்படியே இருந்திருக்கிறது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மணிக்கூடு படம் போட்ட ஒரு பொத்தானை அழுத்தியதும் சரி. யப்பானிலிருந்து வந்த மின்சாரக் கார் சார்ஜ் எடுக்காவிட்டால் முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்தது கொஞ்சம் பயந்த சம்பவம். காருடன் வந்த வயரில் ஒரு சதுரப் பின் 13 அம்பியர் பிளக் மாட்டி, போர்ட்டிக்கோவில் இருந்த சாதாரணப் பொயின்றில் சொருகிவிட்டோம். மூன்றாம் கிழமை ஒரு பின்னேரம் மீன் பொரித்து எண்ணெய் கருகினதுபோல ஒரு மணம். குசினியில் அடுப்பு எரியவில்லை. போர்ட்டிக்கோவுக்குப் போய்ப் பிளக்கைத் தொட்டால் கை சுட்டது. கறண்ட் கசிந்தால் தானே விழுகிற ரிப் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கழற்றினேன். பொயின்றின் வலப்பக்கத் துளையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்ரிக் பழுப்பாகி, விளிம்பு மெழுகுபோல உருகி உள்ளே இறங்கியிருந்தது. பிளக்கின் பின் ஊதா நிறம். மின்சாரக் கேற்றிலும் 13 அம்பியர்தான் எடுக்கிறது, ஆனால் பத்து நிமிடத்தில் தண்ணீர் கொதித்ததும் நின்றுவிடும். கார் மூன்று நாலு மணித்தியாலம் விடாமல் எடுக்கும். சாதாரணப் பொயின்ற் அதற்குச் செய்ததில்லை.

வயரிங் செய்யும் தம்பி மறுநாளே வந்து மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி வயர் இழுத்தார். முன்பு இருந்தது 7/0.67 என்கிற மெல்லிய வயர். இப்போது 7/0.85, அதாவது 4 சதுர மில்லிமீற்றர். தனியாக ஒரு 20 அம்பியர் பிரேக்கர், 30 மில்லி அம்பியர் ரிப் சுவிட்ச். பிளக்கே வேண்டாம் என்று, காருக்குச் சார்ஜ் கொடுக்கிற பெட்டி ஒன்றைச் சுவரில் நிரந்தரமாகப் பொருத்தினோம். 6, 8, 10, 13, 16 அம்பியர் என்று மாற்றக்கூடிய பெட்டி அது. அந்த மாற்றும் வசதிக்குக் கொஞ்சம் கூடக் காசு கொடுத்தோம். சோலரில் சார்ஜ் ஏற்ற எண்ணம் உள்ளவர்கள் இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். வெயில் கூடிக் குறையும்போது காரின் பசியைக் கூட்டிக் குறைக்க உங்களிடம் இருக்கிற ஒரே திருகாணி அதுதான்.

பலர் என்னிடம் கேட்பது, பனலிலிருந்து நேராகக் காருக்கு வயர் போட்டால் என்ன என்று. பனலும் நேர்மின்னோட்டம், பற்றரியும் நேர்மின்னோட்டம், இடையில் எதற்கு இரண்டு முறை மாற்ற வேண்டும்? நல்ல கேள்விதான். லீஃபின் பற்றரி 96 கலங்களைத் தொடராக அடுக்கியது, முழுச் சார்ஜில் கிட்டத்தட்ட 400 வோல்ற்று. பத்துப் பனலைத் தொடராகப் போட்டால் அந்த வோல்ற்றளவு வரும்தான். ஆனால் ஒரு முகில் கடந்தால் பனலின் வலு பாதியாகும். கார் அப்படி ஏறி இறங்குவதை ஏற்காது. அதைவிட முக்கியம், விரைவுச் சார்ஜ் துவாரத்தில் வயரை வைத்தால் மட்டும் பற்றரியின் கதவு திறக்காது. எதிர்ப்பக்க இயந்திரத்தோடு கார் தன் பாஷையில் பேசி, இத்தனை வோல்ற்று, இத்தனை அம்பியர் என்று ஒத்துக்கொண்ட பிறகே உள்ளே இருக்கும் பெரிய சுவிட்சுகள் மூடும். அந்தப் பேச்சை விட்டுவிட்டு யாராவது வயரைக் கொழுவ முயன்றால், 400 வோல்ற்று நேர்மின்னோட்டம் ஆளைக் கொல்லும். ஆகையால் வீட்டில் நடப்பது இதுதான்: பனல், இன்வேட்டர், சுவர்ப் பெட்டி, காருக்குள் இருக்கும் சார்ஜர், பற்றரி. இந்த வழியில் கொஞ்சம் இழக்கிறோம், அதைக் கீழே சொல்கிறேன்.

சுவர்ப் பெட்டி உண்மையில் சார்ஜர் இல்லை, காவல்காரன். மெல்லிய ஒரு வயர் வழியாக "இப்போது இத்தனை அம்பியர் மட்டும் எடு" என்று காருக்குச் சொல்கிறது, கார் கேட்கிறது. அந்த மொழியில் மிகக் குறைந்த சொல் 6 அம்பியர். அதாவது 230 வோல்ற்றில் 1,380 வாற். அதற்குக் கீழே சார்ஜ் என்ற ஒன்று கிடையாது, ஒன்றில் 1,380 அல்லது நிறுத்தம். மாரி காலத்தில் கூரை 900 வாற் தரும்போது கார் வெறுமனே நிற்பதற்குக் காரணம் இதுதான். வெளிநாடுகளில் மிச்ச வெயிலை அளந்து தானே அம்பியரைக் கூட்டிக் குறைக்கிற பெட்டிகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் ஸப்பி ஒன்று, ஓப்பன் ஈவிஎஸ்ஈ இன்னொன்று. மெயின் வயரில் கவ்விய ஒரு சின்ன வளையம் அளந்து சொல்ல, பெட்டி அதற்கேற்ப ஆடும். என்னிடம் அது இல்லை. எனக்குக் கையால் செய்வதே போதுமாக இருக்கிறது.

சரி, முதல் வருடம் நான் செய்தது என்ன? வீட்டுக்கு வந்ததும் சொருகினேன், அவ்வளவுதான். கணக்கு அழகாக இருந்தது. எங்கள் ஒப்பந்தத்தில் எங்கள் பாவனைக்கு மேல் லைனுக்குக் கொடுக்கும் யூனிற்றுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபா, அதன் பிறகு 15 ரூபா 50 சதம். சுவரில் எடுக்கும் ஒரு யூனிற்றில் லீஃப் ஆறு கிலோமீற்றர் ஓடுகிறது. சபைக்கு விற்கக்கூடிய 22 ரூபாவை காருக்குக் கொடுக்கிறேன் என்று வைத்தால் கிலோமீற்றருக்கு நாலு ரூபாவும் வராது. பெற்றோல் 470 விற்ற நாட்களில் என் பழைய காருக்குக் கிலோமீற்றருக்கு 35 ரூபாவுக்கு மேல். இந்த வித்தியாசத்தைப் பார்த்து நிம்மதியாகத்தான் இருந்தேன்.

ஆனால் ஒரு கொப்பியில் நேரம் எழுதத் தொடங்கிய பிறகுதான் விஷயம் விளங்கியது. பாடசாலை ஒன்றரைக்கு விடும். பிள்ளைகளை அனுப்பி, வல்லை வெளிக் காற்றை எதிர்த்து ஓடி வீட்டுக்கு வர இரண்டரை. எங்கள் பனல்கள் தெற்குச் சரிவில். அவற்றின் உச்சம் பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை. நான் சொருகுகிற இரண்டரைக்கு இறங்குமுகம், நாலரைக்கு அந்தக் கூரையால் ஆயிரம் வாற்கூட வராது. அதாவது என் காருக்குப் போனதில் பாதிக்கு மேல் வெயில் இல்லை, லைன் மின்சாரம். காசுக் கணக்கில் அது மறைந்துபோகும், ஏனென்றால் மத்தியானம் கொடுத்ததைப் பின்னேரம் திருப்பி எடுக்கிறோம். மின்வெட்டில் மறையாது. பின்னேர மின்வெட்டு நாட்களில் கார் அசையாமல் நின்றது. கூரையில் வெயில் இருந்தும்.

எங்கள் சோலர் தொகுதி எத்தனை கிலோவாற் என்று எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் கார் எத்தனை மணிக்கு வீட்டில் நிற்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் இரண்டாவதுதான் பெரிய கேள்வி.

2024இல் இரண்டாவது தொகுதி போட்டோம். இந்த முறை மேற்குச் சரிவில். தெற்குப் பக்கம்தான் நல்லது, மேற்கில் போட்டால் வருடத்துக்கு இத்தனை யூனிற் நட்டம் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மொத்த யூனிற் எனக்கு வேண்டாம், இரண்டரை மணிக்குப் பிறகு வருகிற யூனிற்தான் வேண்டும் என்று நின்றேன். 550 வாற் பனல் ஆறு, மொத்தம் 3.3 கிலோவாற். 5 கிலோவாற் ஹைபிரிட் இன்வேட்டர். 51.2 வோல்ற்று, 100 அம்பியர் மணி லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி ஒன்று, அதாவது 5 யூனிற்றுக்குக் கொஞ்சம் மேல். இந்தத் தொகுதி லைனுக்கு ஒன்றும் விற்காது. கார்ப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி, அம்மாவின் அறை, சில விளக்குகள் மட்டும் இதில். லைன் நின்றாலும் இது நிற்காது, தன் அலையைத் தானே உருவாக்கும். முன்பே லைனோடு ஒப்பந்தம் உள்ள வீட்டில் இப்படி இன்னொன்று வைப்பதானால் எழுத்தில் கேட்டு, வரைபடம் காட்டி, அனுமதி எடுத்துக்கொண்டு செய்யுங்கள்.

நாள் எப்படி ஓடுகிறதென்றால், காலையில் மேற்குக் கூரை மந்தமாகத்தான் எழும்பும். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை வருவது வீட்டுப் பற்றரியை நிரப்பிவிடும். நான் இரண்டரைக்கு வரும்போது பற்றரி நிறைந்திருக்கும், கூரை இரண்டரை கிலோவாற் அளவில் கொடுத்துக்கொண்டிருக்கும். பத்து அம்பியர் வைத்துச் சொருகுவேன். மூன்றே முக்காலுக்கு எட்டு. நாலரைக்கு ஆறு. ஐந்து மணிக்குள் நாலரை யூனிற் நேரே வெயிலிலிருந்து காருக்குப் போயிருக்கும். மிச்சம் நாலு யூனிற் தேவையென்றால் வீட்டுப் பற்றரி தரும், ஆனால் அதில் பாதியை இரவுக்கு விடுவது நல்லது. அடுத்த நாளுக்குக் காரில் எண்பது கிலோமீற்றர் இருந்தால் நான் நிறுத்திவிடுவேன். தினமும் முழுதாக நிரப்ப வேண்டும் என்கிற எண்ணம் பெற்றோல் வரிசையில் நின்ற பழக்கம். அது போக எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

முகிலுக்காகத்தான் அந்தச் சின்னப் பற்றரி. ஒரு முகில் சூரியனை மறைத்தால் கூரை 2,400 வாற்றிலிருந்து 700க்கு விழ சில நொடி போதும். பற்றரி இடையில் தாங்கிப் பிடிக்காவிட்டால் இன்வேட்டர் விழுந்துவிடும். காருக்கென்று பெரிய வீட்டுப் பற்றரி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. காரே வீட்டில் உள்ள மிகப் பெரிய பற்றரி. பற்றரியில் வைத்து எடுத்துப் பற்றரிக்கு ஊற்றினால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் சிந்தும்.

அந்தச் சிந்தலையும் எழுதி வைத்திருக்கிறேன். 13 அம்பியரில் ஏற்றினால் சுவரில் எடுத்த 10 யூனிற்றில் எட்டரைக்குச் சற்று மேல் கார்ப் பற்றரிக்குப் போகிறது. 6 அம்பியரில் அது எட்டுக்கும் கீழே. சார்ஜ் ஏறும்போது காரின் உள் இலத்திரனியல் எல்லாம் விழித்திருக்கும், அதற்கு ஒரு நிலையான செலவு. மெதுவாக ஏற்றினால் நேரம் கூடும், அந்தச் செலவும் கூடும். ஆகையால் வெயில் இருக்கும்போது பத்து அம்பியரில் வேகமாக எடுத்துவிடுவது நல்லது. ஆறுக்கு இறக்குவது பின்னேரக் கடைசி வெயிலை வீணாக்காமல் இருக்க மட்டும்.

இதெல்லாம் சரியாக வேலை செய்கிறதென்று நினைத்திருந்த நேரத்தில் 2025 பெப்ரவரி 9 வந்தது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொரு மணி தாண்டி நாடு முழுக்க மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டது என்று அமைச்சர் சொன்னார். எங்கள் வீட்டில் ஹைபிரிட் கண் இமைக்கும் நேரத்தில் மாறிக்கொண்டது. அம்மாவின் ஃபான் நிற்கவேயில்லை. நான் சந்தோஷமாகப் போய்க் காரைச் சொருகினேன். பெட்டியில் சிவப்பு விளக்கு. கழற்றிச் சொருகினேன், சிவப்பு. மேலே நல்ல வெயில், பற்றரி நிறைந்திருக்கிறது, கார் எடுக்கவில்லை.

வயரிங் தம்பி மீற்றரோடு வந்தார். "ரீச்சர், இதைப் பாருங்கோ" என்று ஒரு முனையை ஏர்த்தில் வைத்து மற்றதை லைவில் வைத்தார்: 112. நியூற்றலில் வைத்தார்: 116. இரண்டும் அரைவாசி. லைவில் 230ம் நியூற்றலில் கிட்டத்தட்ட பூச்சியமும் வர வேண்டிய இடம். வீட்டு மின்சாரம் லைனிலிருந்து வரும்போது நியூற்றல் வெளியே நிலத்தோடு கட்டப்பட்டிருக்கும். லைன் நின்று, ஹைபிரிட் தனியே ஓடும்போது அந்தக் கட்டு அறுந்துபோகிறது, நியூற்றல் அந்தரத்தில் மிதக்கிறது. ஃபானுக்கும் விளக்குக்கும் அது தெரியாது. கார்ப் பெட்டியோ முதலில் ஏர்த் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். அதன் கண்ணில் எங்கள் வீட்டில் ஏர்த்தே இல்லை.

தீர்வு சின்னதுதான். லைன் நிற்கும்போது மட்டும் நியூற்றலையும் ஏர்த்தையும் சேர்த்து, லைன் வந்ததும் பிரித்துவிடுகிற ஒரு ரிலே, அதாவது தானே மாறுகிற சுவிட்ச். எங்கள் இன்வேட்டரில் அதற்கான முனை ஏற்கெனவே இருந்தது, யாரும் பாவித்திருக்கவில்லை. ஆனால் இதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். எப்போதும் சேர்ந்திருக்கிற மாதிரி ஒரு துண்டு வயரால் கட்டிவிட்டால் ரிப் சுவிட்ச் சரியாக வேலை செய்யாது, அது உயிருக்கு ஆபத்து. கூடவே ஏர்த் கம்பியையும் பார்த்தோம். எங்கள் செம்மண் சோளகக் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், காய்ந்துபோகும், கீழே நாலடியில் சுண்ணாம்புக் கல், கம்பி ஆழம் போகவில்லை. இரண்டாவது கம்பி ஒன்றைக் கிணற்றடி வாய்க்கால் ஓரத்தில், எப்போதும் ஈரம் நிற்கிற இடத்தில் இறக்கினோம். ஹைபிரிட் பூட்டுகிற அன்றே மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுக் காரைச் சொருகிப் பார்த்திருந்தால் இதைப் பத்து மாதம் முன்னமே கண்டுபிடித்திருப்போம். நீங்கள் பூட்டுகிற அன்றே அதைச் செய்யுங்கள், பூட்டியவர் கேற் தாண்ட முன்னம்.

தண்ணீர் மோட்டரையும் சொல்ல வேண்டும். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஆயிரம் வாற் அளவுதான், ஆனால் புறப்படும் கணத்தில் அதைப்போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். கார் பத்து அம்பியரில் ஏறிக்கொண்டிருந்தபோது அம்மா தொட்டிக்குத் தண்ணீர் விட மோட்டரைப் போட்டார். வீடு முழுக்க ஒரே பீப் சத்தம், எல்லாம் நின்றது. மோட்டரை ஹைபிரிட்டிலிருந்து கழற்றிப் பழைய லைனுக்கு மாற்றினோம். இப்போது காலை ஆறரைக்கே தொட்டி நிறைந்துவிடும்.

கூரையைப் பற்றி இன்னும் சில விஷயம். நல்ல வெயில் என்றால் சித்திரை என்று நினைப்போம். புதுவருடத்தை ஒட்டி சூரியன் எங்கள் தலைக்கு நேரே நிற்பது உண்மைதான். ஆனால் பனல் சுட்டால் வலு குறையும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 0.35, 0.4 என்று. ஓட்டுக் கூரைமேல் பனல் 65 பாகைக்குப் போகும்போது ஏழில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். என் கொப்பியில் மிகக் கூடிய நாட்கள் பெப்ரவரியிலும் மார்ச்சிலும்தான் இருக்கின்றன, வானம் தெளிவு, காற்றும் குளிர். ஓட்டுக்கும் பனலுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடச் சொல்லுங்கள், காற்று ஓடட்டும்.

பக்கத்து வளவுப் பனை ஒன்றின் நிழல் நாலு மணிக்குப் பிறகு மேற்குக் கூரையில் விழும். ஒடுங்கிய நிழல்தான். ஆறு பனலும் ஒரே தொடரில் இருப்பதால், அந்தக் கோடு ஒரு பனலைக் கடக்கிற இருபது நிமிடமும் மொத்த வலு சறுக்கும். பூட்ட முன்னம் ஒருநாள் முழுக்கக் கூரையைப் பார்த்து, நிழல் எங்கே எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுதிக்கொண்டால் பனலை ஒரு முழம் தள்ளி வைத்திருக்கலாம்.

கழுவுவது பெரிய வேலை. சோளகம் அடிக்கும் மாதங்களில் தோட்டத்துச் செம்புழுதி படியும், காகம் வேறு. முதல் வருடம் கிணற்றுத் தண்ணீரால் கழுவினோம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர், கேற்றிலுக்குள் வெள்ளை பிடிக்கிறதே, அதே வெள்ளை பனல் கண்ணாடியில் வட்டம் வட்டமாகப் பிடித்துவிட்டது. வெயில் ஏற முன்னம் மழைத் தண்ணீரால் கழுவி, மென்மையான துணியால் துடைப்பதுதான் சரி. கூரைப் பீலியின் கீழ் ஆயிரம் லீற்றர் தொட்டி ஒன்று அதற்காகவே வைத்தோம். சூடான கண்ணாடியில் மத்தியானம் தண்ணீர் அடிக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஏற்பாடு தனியே நிற்காது, அதை ஒளிக்கத் தேவையில்லை. வாடைக் காற்றோடு மழை பிடித்தால் நாலைந்து நாள் மேற்குக் கூரை நாளுக்கு மூன்று யூனிற்கூடத் தராது. அந்த நாட்களில் லைனிலிருந்துதான் ஏற்றுகிறேன்.

லீஃபின் பற்றரிக்குக் குளிரூட்டல் கிடையாது. எங்கள் சூட்டில் அதுதான் அதன் எதிரி. மூன்று கிலோவாற்றில் சார்ஜ் ஏறுவதால் அது பெரிதாகச் சூடாவதில்லை. முழுச் சார்ஜோடு வெயிலில் கிடப்பதுதான் அதைத் தின்னும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் முழுக்க ஏற்றமாட்டேன், எழுபது எண்பதில் விட்டு வேம்பு நிழலில் நிறுத்திவிடுவேன். ஞாயிறு மத்தியானம் உச்ச வெயிலில் மிச்சம் ஏறும். இரண்டரை வருடமாக அந்த ஒன்பது கோடு ஒன்பதாகவே நிற்கிறது.

2025 சித்திரைப் புதுவருட விடுமுறையில் நாட்டின் மின் தேவை குறைந்து, வெயில் மின்சாரம் கூடிப்போகும் என்பதால், கூரைச் சோலர் வைத்திருப்பவர்கள் ஏப்ரல் 13 முதல் 21 வரை பின்னேரம் மூன்று மணி வரை நிறுத்தி வைக்கும்படி கேட்டிருந்தார்கள். தெற்குக் கூரையை நிறுத்தினேன். மேற்குக் கூரை எங்கும் விற்பதில்லை, அது தன்பாட்டுக்குக் காரை நிரப்பியது. பாடசாலை விடுமுறை, கார் பகல் முழுக்க வீட்டில். அந்த ஒன்பது நாளும் காருக்கு லைனிலிருந்து ஒரு யூனிற்கூட எடுக்கவில்லை. வல்லிபுரக் கோயில், சாட்டிக் கடற்கரை, அச்சுவேலியில் சொந்தக்கார வீடு என்று 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடினோம். பின்சீற்றில் இருந்த அம்மா ஒவ்வொரு முறை இறங்கும்போதும் "இது எல்லாம் எங்கட கூரையில இருந்தா?" என்று கேட்டார்.

போன மாதம் என் மச்சான் கிளிநொச்சியிலிருந்து வந்து எல்லாவற்றையும் படம் பிடித்தார். இறக்குமதி திரும்பத் திறந்துவிட்டதால் புதுக் கார் பார்க்கிறார். எங்களைப்போலவே மேற்குக் கூரையில் ஆறு பனல் போடப் போகிறேன் என்றார். அவர் இரவுக் கடமை பார்க்கிற தாதி உத்தியோகத்தர், காலை எட்டுக்கு வீட்டுக்கு வந்து பின்னேரம் நாலு வரை தூங்குகிறவர். உங்களுக்குக் கிழக்கும் தெற்கும்தான் அத்தான், மேற்கில் போட்டால் கார் காலையிலேயே வந்து நிற்கும், பனல் மத்தியானத்துக்குப் பிறகுதான் நன்றாக உழைக்கும் என்றேன். மறுநாள் போன் எடுத்தார். கிழக்குக் கூரையில் எட்டரை மணி வரை முருங்கை நிழல் விழுகிறதாம், கொப்பை வெட்டினால் காணுமா, மரத்தையே எடுக்க வேண்டுமா என்று கேட்டார். இந்தக் கிழமை முழுக்கக் காலையில் எழுதிப் பாருங்கள், பிறகு கத்தியை எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.